பம்பரைப் பிடிச்சுத் தூக்கலாமா? ஒரு ஜாக்கியின் நூறு வருஷக் கதை

இந்த எபிசோட் ஒரு இரும்புச் சாமானைப் பத்தினது. ஆஃப்-ரோடு வீடியோ பார்க்கிற பழக்கம் இருந்தா நீங்க இதைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. பழைய லேண்ட் ரோவர் இல்லன்னா லேண்ட் குரூசரோட முதுகுல, இல்ல முன் பம்பர்ல, நாலடி உயரத்துக்கு ஓட்டை ஓட்டையா ஒரு கம்பி மாட்டியிருக்கும். பெரும்பாலும் சிவப்பு இல்ல கறுப்பு கலர். அதுதான் ஹை-லிஃப்ட் ஜாக்கி. பம்பருக்கு அடியில கொடுத்து, கைப்பிடியை மேலயும் கீழயும் அடிச்சா வண்டியோட ஒரு பக்கமே எழும்பி நிக்கும்.

இதுக்கு ஆங்கிலத்துல ஒரு பட்டப்பேர் உண்டு: 'விடோ மேக்கர்'. நம்ம பேச்சுல சொன்னா, தாலி அறுக்கிற சாமான். 1905ல சந்தைக்கு வந்த ஒரு பொருள், அடிப்படை டிசைன் பெருசா மாறாம இன்னைக்கும் விக்குது. பயன்படுத்துறவங்களே அதுக்கு இப்படி ஒரு பேர் வெச்சிருக்காங்க. ரெண்டுமே உண்மைன்னா நடுவுல ஏதோ ஒரு கதை இருக்கணும் இல்லையா? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

கார் உலகத்துக்கு வந்த பண்ணைச் சாமான்

அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துல ப்ளூம்ஃபீல்ட்னு ஒரு சின்ன ஊர். அங்க பி.ஜே. ஹாரா 1895ல ஆரம்பிச்ச கம்பெனிதான் ப்ளூம்ஃபீல்ட் மேனுஃபேக்சரிங். ஹை-லிஃப்ட் ஜாக்கி அங்கதான் பிறந்தது. அந்தச் சமயத்துல கார்ங்கிறது பணக்காரங்க விளையாட்டுச் சாமான். ஃபோர்டோட மாடல் டி வர்றதுக்கே இன்னும் மூணு வருஷம் இருக்கு. அதனால இந்த ஜாக்கியை வாங்கினவங்க விவசாயிகள். வேலிக்கம்பத்தைப் பிடுங்க, கம்பியை இழுத்துக் கட்ட, வண்டியைத் தூக்க, கொட்டகைச் சுவரை நிமித்தன்னு பத்து வேலைக்கு ஒரே சாமான். இப்பவும் அமெரிக்கக் கிராமங்கள்ல இதை 'ஃபார்ம் ஜாக்'னுதான் சொல்றாங்க.

அந்தக் காலத்துல டயர் பஞ்சர் ஆனா என்ன பண்ணுவாங்கன்னு ஒரு சின்ன கிளைக்கதை சொல்லிட்டு வந்துடறேன். ஆரம்பக் கார்கள்ல உபரிச் சக்கரமே கிடையாது. நடுரோட்ல உக்காந்து டயரைக் கழட்டி ஒட்டணும். 1904ல வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊர்ல டேவிஸ் சகோதரர்கள் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. காத்தடிச்ச டயரோட ஒரு வளையம். அதைப் பஞ்சரான சக்கரத்து மேலயே கவ்விப் பிடிக்க வெச்சு ஓட்டிட்டுப் போயிடலாம். அவங்க கடை இருந்த தெருவோட பேர் ஸ்டெப்னி ஸ்ட்ரீட். ஆமா, நம்ம மெக்கானிக் 'ஸ்டெப்னி எங்க சார்?'னு கேக்கிறாரே, அது இந்தத் தெருவோட பேருதான். உபரிச் சக்கரமும் இந்த ஜாக்கியும் ஒரே ஒரு வருஷ இடைவெளியில பிறந்தவை.

தென்னை மரம் ஏறுற மாதிரி

இந்த ஜாக்கி எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சாத்தான் இதோட ஆபத்தும் புரியும். நல்லவேளை, நமக்கு ஒரு சுலபமான உதாரணம் இருக்கு. தென்னை மரம் ஏறுறவரைப் பாருங்க. கை மரத்தைக் கட்டிப் பிடிச்சிருக்கும்போது கால் மேல வரும். கால் பிடிமானம் கிடைச்சதும் கை மேல போகும். எந்த நேரத்துலயும் ரெண்டுல ஒண்ணு மரத்தை விடாம பிடிச்சிருக்கும்.

ஹை-லிஃப்ட்ல மரம்ங்கிறது அந்த ஓட்டை போட்ட கம்பி. கையும் காலும் ரெண்டு இரும்புப் பின். நீங்க கைப்பிடியைக் கீழ அழுத்தும்போது ஒரு பின் சுமையோட மேல ஏறும். மேல போய் அடுத்த ஓட்டைக்குள்ள இன்னொரு பின் உக்காரும். பிறகு கைப்பிடியை மேல தூக்கும்போது முதல் பின் அடுத்த ஓட்டைக்குப் போகும். 'கடக்... கடக்'னு கேக்குற சத்தம் இதுதான். இதுல ஹைட்ராலிக் ஆயில் கிடையாது, சீல் கிடையாது, பல்சக்கரம்கூட கிடையாது. இப்போ விக்கிற மாடலுக்குக் கம்பெனி சொல்ற பாரம் 4,660 பவுண்ட், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 2,100 கிலோ. அளவுக்கு மீறினா முதல்ல ஒரு குறிப்பிட்ட போல்ட் வளைஞ்சு கொடுக்கிற மாதிரி வெச்சிருக்காங்க. வீட்டு கரண்ட் போர்டுல ஃபியூஸ் போற மாதிரி. சுமார் 7,000 பவுண்ட்ல அது வேலை செய்யும். அந்த போல்ட் போச்சுன்னு அதைவிட உறுதியான வேற போல்ட்டை மாட்டுறது, ஃபியூஸுக்குப் பதிலா செம்புக் கம்பி சுத்துறதுக்குச் சமம்.

ஏறுறது இவ்வளவுதான். இறங்குறதுதான் கதையே. அதுக்குப் பிறகு வரேன்.

பம்பர் ஒரு கைப்பிடியா இருந்த காலம்

இப்போ பம்பர் பக்கம் வருவோம். கார்ல மோதல் தாங்க ஏதாவது வேணும்ங்கிற யோசனை ரொம்பப் பழசு. பிரிட்டன்ல ஃப்ரெடரிக் சிம்ஸ் 1905 வாக்குலயே ரப்பர் பம்பர் வெச்ச காரைக் காட்டிட்டார். 1920கள்ல அமெரிக்கக் கார்கள்ல இரும்புப் பட்டையோ சட்டமோ முன்னாடியும் பின்னாடியும் வர்றது சாதாரணமாச்சு.

இங்க கவனிக்க வேண்டிய விஷயம், அந்தப் பம்பர் எதோட சேர்ந்திருந்ததுங்கிறது. அப்போ பெரும்பாலான வண்டிகளுக்கு ஏணி மாதிரி ஒரு சேஸ் இருக்கும். ரெண்டு நீள இரும்புச் சட்டம், குறுக்க சில படிகள். எஞ்சின், பாடி, ஸ்பிரிங் பட்டை எல்லாம் அதுல மாட்டியிருக்கும். பம்பர் அந்தச் சட்டத்தோட நுனியில போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அப்போ பம்பரைத் தூக்கினா வண்டியோட முதுகெலும்பையே தூக்கின மாதிரி. அதனாலதான் அமெரிக்கக் கம்பெனிகள் டிக்கியிலயே ஒரு பம்பர் ஜாக்கியைக் கொடுத்தாங்க. பல்லு வெச்ச ஒரு கம்பம், அதுல ஏறுற ஒரு கொக்கி. பம்பருக்கு அடியில கொக்கியை மாட்டு, தூக்கு, டயரை மாத்து. பல பத்து வருஷம் அமெரிக்காவுல இதுதான் வழக்கம்.

என் வேலையில இதை இன்டர்ஃபேஸ்னு சொல்லுவோம். ரெண்டு பேர் தனித்தனியா எழுதின புரோகிராம், 'இந்த இடத்துல நீ கேளு, நான் கொடுக்கிறேன்'னு ஒரு ஒப்பந்தத்துல சந்திக்கும். ஜாக்கி செய்யறவருக்கும் கார் செய்யறவருக்கும் நடுவுல அப்படி ஒரு ஒப்பந்தம் இருந்தது: பம்பரைப் பிடிச்சா வண்டி தாங்கும். எங்கயும் பெருசா எழுதி வெக்காத ஒப்பந்தம்.

ஒப்பந்தம் உடைஞ்சது

அப்போகூட பம்பர் ஜாக்கி நல்ல பேர் எடுத்த சாமான் கிடையாது. வண்டி சாயும், கொக்கி வழுக்கும். ஆனா ஒப்பந்தத்தையே உடைச்சது ரெண்டு மாற்றங்கள்.

முதல் மாற்றம் கட்டுமானத்துல. தனியா சேஸே இல்லாம, முட்டை ஓடு மாதிரி பாடியே சுமையைத் தாங்குற முறை. 1922ல லான்சியா லாம்ப்டா, 1934ல சித்ரோயன் ட்ராக்ஷன் அவாந்த் வழி காட்டின பிறகு, மெதுவா கார் உலகமே அந்தப் பக்கம் போச்சு. நம்ம ஊர்ல இன்னைக்கு ஓடுற எந்த ஹேட்ச்பேக்கும் இந்த ரகம்தான். இதுல ஜாக்கி கொடுக்கிற இடம் கதவுக்கு அடியில, பாடி ஓரமா, தனியா பலப்படுத்தின விளிம்புல இருக்கும்.

ரெண்டாவது மாற்றம் சட்டத்துல. அமெரிக்காவுல 1973 மாடல் கார்கள்ல இருந்து ஒரு விதி வந்தது. மணிக்கு 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர் வேகத்துல முன்பக்கம் சுவர்ல மோதினாலும் லைட், எரிபொருள் அமைப்பு மாதிரி பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பாகங்கள் கெடக்கூடாது. அதனால பம்பர் அசையாம நிக்கிற இரும்பா இருந்தது போய், அடி வாங்கினா உள்ள போயிட்டு வெளிய வர்ற அதிர்ச்சி தாங்கியா மாறுச்சு. பிறகு எரிபொருள் சிக்கனத்துக்காக எடையைக் குறைக்கணும்னு வந்தப்போ, வெளிய பிளாஸ்டிக் உறை, உள்ள ஃபோம், அதுக்கும் பின்னாடி ஒரு மெல்லிய சட்டம்னு ஆச்சு. பேரு அதேதான், பம்பர். ஆனா அதைப் பிடிச்சுத் தூக்கினா உறைதான் கையோட வரும்.

இதுல சுவாரஸ்யம் என்னன்னா, அந்த 1973 விதி பயணிகள் கார்களுக்கு மட்டும்தான். லாரிக்கும் ஜீப் மாதிரி வண்டிகளுக்கும் அது பொருந்தல. கார்கள் எல்லாம் மாறிட்டே போனப்போ இவை மட்டும் இரும்புப் பம்பரோடயே நின்னுச்சு.

மாறாம நின்ன வண்டிகள்

1941ல இருந்து போருக்காகச் செஞ்ச வில்லிஸ் ஜீப், 1948ல ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில வந்த லேண்ட் ரோவர், 1960ல இருந்து 1984 வரைக்கும் வந்த டொயோட்டா எஃப்ஜே40 லேண்ட் குரூசர். மூணுக்கும் ஏணி சேஸ். முன்னாடி சட்டத்தோட போல்ட் போட்ட தட்டையான இரும்புப் பம்பர். வில்லிஸ் வழியில வந்த பழைய மகிந்திரா ஜீப்பும் அதே குடும்பம்தான். கொழுக்குமலைக்கு ஜீப்ல போயிருந்தா அந்தப் பம்பரை நேர்லயே பார்த்திருப்பீங்க.

இந்த வண்டிகளுக்கு ஹை-லிஃப்ட் ஏன் அவ்வளவு பொருந்துச்சு? சேத்துல ஆக்சில் வரைக்கும் புதைஞ்ச வண்டிக்கு அடியில சின்ன பாட்டில் ஜாக்கி நுழையவே நுழையாது. வெளிய தெரியறது பம்பர் மட்டும்தான். இன்னொண்ணு, பம்பரைத் தூக்கினா முதல்ல எழும்புறது சேஸ். சக்கரம் ஸ்பிரிங் பட்டையில தொங்கிக்கிட்டு தரையிலயே இருக்கும். ஸ்பிரிங் முழுசா இறங்கின பிறகுதான் டயர் தரையை விடும். அதுக்கு நிறைய உயரம் வேணும். நாலடிக் கம்பி அதைக் கொடுத்துச்சு. 1980ல இருந்து 2000 வரைக்கும் நடந்த கேமல் ட்ராஃபி மாதிரி போட்டிகள் இந்த ஜாக்கியை ஒரு அடையாளச் சின்னமாவே ஆக்கிடுச்சு.

ஆனா அதே உயரம்தான் பிரச்சினையும். கீழ இருக்கிற அடித்தட்டு நம்ம உள்ளங்கையை விட கொஞ்சம்தான் பெருசு. அதுமேல ஒரு டன் வண்டி, மூணடி உயரத்துல, ஒத்தக்கால்ல நிக்குது. இது பக்கவாட்டுல சாயும்ங்கிறது எல்லாருக்கும் தெரியும். எந்த அளவுக்குன்னா, சக்கரம் ஆழமான தடத்துல மாட்டினா, வண்டியைத் தூக்கி வேணும்னே பக்கத்துல தள்ளி விழ வெச்சு வெளிய கொண்டு வர்ற ஒரு முறையே ஆஃப்-ரோடு ஆளுங்ககிட்ட இருக்கு.

பழைய வண்டின்னா மூணு கேள்வி

சரி, வண்டி பழசு, பம்பர் இரும்பு. அப்போ தைரியமா தூக்கலாமா? மூணு கேள்வி கேட்டுட்டுத்தான் கைப்பிடியைத் தொடணும்.

முதல் கேள்வி: இந்தப் பம்பர் இப்பவும் சேஸோட சேர்ந்திருக்கா? பழைய லேண்ட் ரோவரோட பாடி அலுமினியக் கலவை. போருக்குப் பிறகு பிரிட்டன்ல இரும்புத் தட்டுப்பாடு இருந்ததும் அதுக்கு ஒரு காரணம். அலுமினியம் துருப்பிடிக்காது. அதனால வெளிய பார்த்தா வண்டி கிண்ணுன்னு இருக்கும். ஆனா சேஸ் இரும்புப் பெட்டி. உள்ள சேறும் தண்ணியும் தேங்கி, உள்பக்கத்துல இருந்து அரிக்கும். பின்னாடி தனிப் பம்பர் கிடையாது. சேஸோட கடைசிக் குறுக்குச் சட்டம்தான் பம்பர் வேலையும் பார்க்குது. இந்த வண்டிகள்ல துருவுக்குப் பேர்போன இடமே அதுதான். சுத்தியலால லேசா தட்டிப் பாருங்க. நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், அரிச்சது மொத்தையா கேக்கும். போல்ட்டுகளையும் பாருங்க. முன்னாடி வெச்சிருந்த யாரோ மாட்டின அலங்கார பம்பரா இருந்தா, அது சேஸ்ல இருக்கா வெறும் தகட்டுல இருக்கான்னு படுத்துப் பார்த்தே ஆகணும்.

ரெண்டாவது கேள்வி: ஜாக்கியோட நாக்கு உக்கார இடம் இருக்கா? தட்டையான சட்டத்துக்கு அடியில அது நல்லா உக்காரும். வளைஞ்ச, குரோம் பூசின பம்பர்ல வழுக்கும். குழாய் பம்பர்ல உருளும். இதுக்காகவே பம்பர்ல ஒரு பள்ளமோ துளையோ வெட்டி வெச்சிருப்பாங்க. அது இல்லன்னா, அந்த பம்பருக்குன்னே விக்கிற அடாப்டர் வேணும். அதுவும் இல்லன்னா அந்த இடத்துல தூக்க வேண்டாம்.

மூணாவது கேள்விதான் நிறைய பேருக்குத் தெரியாதது: உங்க ஹேண்ட் பிரேக் எதைப் பிடிக்குது? இன்னைக்குக் கார்ல ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களையே நேரா பிடிக்கும். ஆனா வில்லிஸ் ஜீப்லயும் சீரிஸ் லேண்ட் ரோவர்லயும் அது சக்கரத்துல இல்ல. கியர்பாக்ஸுக்குப் பின்னாடி, பின் ஆக்சிலுக்குப் போற ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். நாலு சக்கரமும் தரையில இருக்கிற வரைக்கும் பிரச்சினையே இல்ல. பின்னாடி ஒரு சக்கரத்தைத் தூக்கினதும் டிஃபரன்ஷியல் தன் வேலையைக் காட்டும். ஷாஃப்ட் அசையாம நின்னாலும், தூக்கின சக்கரம் ஒரு பக்கம் சுத்த, தரையில இருக்கிற சக்கரம் எதிர்ப்பக்கம் உருளலாம். அதாவது ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு, ஆனா வண்டி நகருது. நாலடிக் கம்பி மேல நிக்கிற வண்டி ரெண்டு அங்குலம் நகர்ந்தாலே போதும்.

இதுக்கு வழி: நாலு சக்கர டிரைவைப் போடுங்க, கியர்லயும் விடுங்க. முன் சக்கரங்கள்ல ஃப்ரீ வீலிங் ஹப் இருந்தா அதை லாக் பண்ணுங்க. அதுக்கும் மேல, தரையில இருக்கிற சக்கரங்களுக்கு ரெண்டு பக்கமும் கட்டையோ கல்லோ கொடுங்க. லாரி டிரைவர்கள் ஒரு கல்லைக் கையோட வெச்சிருக்கிறது சும்மா இல்ல.

தூக்குறதும் இறக்குறதும்

சமதளமா, கெட்டியான தரையா பாருங்க. மண் இளகலா இருந்தா அடித்தட்டுக்குக் கீழ அகலமான பலகை வைங்க. கம்பி நேரா நிக்கணும். பின்கள்ல சேறும் துருவும் அடைச்சிருந்தா அது ஓட்டைக்குள்ள முழுசா உக்காராது. அதனால முன்னாடியே துடைச்சு, லேசா எண்ணெய் விட்டு வைங்க. ஆக்சிலையும் சேஸையும் ஒரு பட்டையால கட்டிட்டா, ஸ்பிரிங் தொங்குறது குறையும். தூக்க வேண்டிய உயரமும் குறையும்.

வண்டி மேல வந்ததும் உடனே ஆக்சிலுக்கு அடியில ஸ்டாண்ட் வைங்க. இல்லன்னா பாட்டில் ஜாக்கியைக் கொடுத்து சுமையை அதுக்கு மாத்துங்க. ஒண்ணுமே இல்லாத இடத்துல ஸ்டெப்னியையாவது சேஸுக்கு அடியில படுக்க வைங்க. ஹை-லிஃப்ட் மட்டும் தாங்கிட்டிருக்கிற வண்டிக்கு அடியில கை, கால், தலை எதுவும் போகக்கூடாது. ஒரு நட்டு உருண்டு உள்ள போச்சுன்னாலும் குச்சியால எடுங்க.

இப்போ இறக்கம். தென்னை மரத்துக்காரர் ஏறும்போது எப்படி மாத்தி மாத்திப் பிடிச்சாரோ, இறங்கும்போதும் அதேதான். ஆனா இங்க ஒரு வித்தியாசம் இருக்கு. ரிவர்ஸ் லீவரைத் திருப்பினதும், ஒவ்வொரு படியிலயும் கொஞ்ச நேரம் வண்டியோட சுமை உங்க கைப்பிடி மேல வந்து உக்காரும். அது கைப்பிடியை மேல தள்ளும். கை நழுவினா கைப்பிடி கம்பியை நோக்கிப் பறக்கும். நடுவுல தாடை இருந்தா தாடை போகும். ஏத்தும்போது நழுவினா ஒரு படியோட பின் பிடிச்சு நிக்கும். இறக்கும்போது நழுவினா அது தானாவே மேலயும் கீழயும் அடிச்சுக்கிட்டு, வண்டி தரைக்கு வர்ற வரைக்கும் நிக்காம போகலாம். 'விடோ மேக்கர்'ங்கிற பேருக்கு, வண்டி சாயறதோட இதுவும் ஒரு காரணம்.

அதனால லீவரைத் திருப்புறதுக்கு முன்னாடி கைப்பிடி கம்பியோட ஒட்டி மேல இருக்கணும். ரெண்டு கையாலயும் பிடிங்க. முகம் கைப்பிடிக்கும் கம்பிக்கும் நடுவுல வரவே கூடாது, பக்கவாட்டுல நில்லுங்க. அப்படியே அது கையை மீறி ஓட ஆரம்பிச்சா பிடிக்கப் போகாதீங்க. விலகுங்க. வண்டி விழுந்தா விழட்டும். பம்பரை நிமித்திக்கலாம்.

கடைசியா

இந்தக் கதையில யாரும் தப்பு பண்ணல. 1905ல ஜாக்கி செஞ்சவர் தன் காலத்து இரும்புக்குச் சரியா செஞ்சார். 1973ல விதி எழுதினவங்க மோதலை நினைச்சு எழுதினாங்க. அதுல நியாயம் இருக்கு. ஆனா பம்பர்ங்கிற பேர் அப்படியே இருக்க, அதோட அர்த்தம் மாறினதை யாரும் ஜாக்கியில எழுதி ஒட்டல. பழைய வண்டி வாங்குற நம்ம தலைமுறைக்கு வர்ற சிக்கல் இதுதான். வீடியோல பார்க்கிற வண்டியில அந்த ஒப்பந்தம் உயிரோட இருக்கும். நம்ம வாசல்ல நிக்கிற நாப்பது வருஷ வண்டியில அது துருவுக்குள்ள எப்பவோ செத்துப் போயிருக்கலாம்.

உங்க வீட்டுல பழைய ஜீப்போ லேண்ட் ரோவரோ இருந்தா, இந்த வாரம் ஒரு டார்ச்சை எடுத்துக்கிட்டு பம்பருக்குப் பின்னாடி ஒரு தடவை பாருங்க. நட்ட நடுக் காட்டுல, மழையில, இருட்டுல அந்தக் கேள்வியை முதல் தடவை கேக்கிறதை விட, வீட்டு வாசல்ல பகல்லயே கேட்டுடறது நல்லது. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.